சக தொழிலாளியின் கதவு: சமகாலச் சுயாதீனத் திரைப்படங்கள் சில பற்றிய அவதானிப்புகள்

1

கலைப்படைப்பொன்றை எதிர்கொள்ளும்போது நம்முள் எழும் உணர்வுக்கும், அப்படைப்பைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்புக்குமுள்ள உறவு யாது என்னும் வினா ஈழத்துத் தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. 1950 களிலும் 1960 களிலும் முற்போக்கு அணியினருக்கும் அவர்களை மறுத்து நின்றோருக்குமிடையில் நடைபெற்ற விவாதங்களின் அடித்தளத்தில் இவ்வினாவே கிடந்தது. இரசனையே திறனாய்வின் தொடக்கமும் முடிவும் என்று ஒரு சாரார் கொண்டனர். இரசனை என்பதும் வர்க்கஞ் சார்ந்ததே, ஆகவே அதுவும் விளக்கப்படவேண்டியதொன்று என மற்றைய சாரார் வாதித்தனர். இரண்டாவது நிலைப்பாடு கோட்பாட்டளவிற் சரியானது. ஆயினும், விளக்கப்படவேண்டிய அவ்வுணர்வை உண்மையில் விளக்கிக் காட்டும் முயற்சிகள் நம்மிடையே குறைவாகவே நடைபெற்றுள்ளன. படைப்பின் உள்ளடக்கத்தைச் சுருக்கிக் கூறி, அதன் வர்க்கச் சார்பைச் சுட்டியதும் பணி முடிந்துவிட்டதெனப் பல சந்தர்ப்பங்களில் நாம் அமைந்துவிடுகிறோம். படைப்பு நம்மை ஏன் அசைத்தது, எந்த இடத்தில் அசைத்தது, அவ்வசைவு நம்மை எத்திசையில் இட்டுச் செல்கிறது என்பன கேட்கப்படாமலே போகின்றன.

இவ்வினாக்களை இலக்கியத்தைக் காட்டிலும் திரைப்படம் கூர்மையாக எழுப்புகின்றது. திரைப்படம் காலத்தினூடாக நம்மைப் பிடித்துவைக்கும் கலை. நூலை மூடிவைத்துவிட்டுச் சிந்திப்பது போலப் படத்தை நிறுத்திவைத்துச் சிந்திக்கும் வழக்கம் நமக்கில்லை. முகமொன்று திரையில் நிறைந்திருக்கையில் நாம் முதலில் உணர்கிறோம். கருத்து அதன் பின்னரே வருகின்றது. இதனாலேயே, உழைக்கும் மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அண்மைக்காலத்தில் வெளிவந்த சில சுயாதீனத் திரைப்படங்களை என் சொந்த எதிர்வினைகளை முன்வைத்தே ஆராய விரும்புகிறேன். அவ்வெதிர்வினைகள் இங்கு சான்றுகளாகவே கொள்ளப்படுகின்றன, தீர்ப்புகளாகவல்ல.

பிரதானமாக எடுத்துக்கொள்ளப்படுவன மூன்று படங்கள். பெல்ஜியத்தின் ஜோன்-பியர் டார்டென், லுக் டார்டென் சகோதரர்களின் 'இரு பகல், ஓர் இரவு' (2014), யப்பானிய நெறியாளர் கோரே-எடா ஹிரோகாசுவின் 'கடைத்திருடர்கள்' (2018), பிரித்தானியரான கென் லோச்சின் 'சொறி வீ மிஸ்ட் யூ' (2019) என்பன அவை. இவற்றுக்கு மாறுபட்ட உதாரணமாக, நம்மவர்க்கு வேறு காரணங்களால் நெருக்கமான 'தீபன்' (2015) என்னும் பிரெஞ்சுப் படமும் சுருக்கமாக நோக்கப்படும்.

2

மூன்று படங்களும் வெவ்வேறு நாடுகளிலும் மொழிகளிலும் அழகியல் மரபுகளிலும் தோன்றியவை. எனினும் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே காட்சி இடம்பெறுவதைக் கண்டபோதே இக்கட்டுரைக்கான எண்ணம் தோன்றியது.

டார்டென் சகோதரர்களின் படத்தில், சூரிய மின்தகடு செய்யும் சிறிய தொழிலகமொன்றில் வேலைசெய்யும் சான்ட்ரா மனச்சோர்வு நோயினால் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பும் நிலையிலிருக்கிறாள். அவளில்லாத காலத்தில், பதினாறு பேர் மேலதிக நேரம் உழைத்தால் பதினேழு பேரின் வேலையையும் முடித்துவிடலாம் என்பதை முகாமை கண்டுகொள்கிறது. சான்ட்ராவை வேலையில் வைத்திருப்பதா, ஆளுக்கு 1,000 யூரோ போனஸ் பெறுவதா என்பதைத் தொழிலாளரே வாக்களித்துத் தீர்மானிக்கலாமென அது 'ஜனநாயக' வழியொன்றைத் திறந்துவிடுகிறது. பெரும்பான்மையோர் போனஸைத் தெரிகின்றனர். மேற்பார்வையாளன் தொழிலாளரிடையே அச்சமூட்டினான் என்பது தெரியவர, திங்கட்கிழமை காலை இரகசிய வாக்கெடுப்பொன்று மீண்டும் நடத்தப்பட இருக்கிறது. இடையிலுள்ள வார இறுதியில் சான்ட்ரா சக தொழிலாளர் ஒவ்வொருவரின் கதவையும் தட்டவேண்டும்.

கோரே-எடாவின் படத்தில், பெரிய சலவை நிலையமொன்றில் நொபுயோ வேலைசெய்கிறாள். செலவைக் குறைக்க விரும்பும் நிர்வாகம் அவளையும் மற்றொரு பெண்ணையும் அழைத்து, இருவரில் எவர் விலகுவதென்பதை நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள் என்கிறது. மற்றவளுக்கு நொபுயோவின் இரகசியமொன்று தெரியும். அதனை அவள் ஆயுதமாக்குகிறாள். நொபுயோ விலகுகிறாள்.

லோச்சின் படத்தில், பொதி விநியோக நிறுவனமொன்றில் வான் ஓட்டும் ரிக்கி, களஞ்சியப் பொறுப்பாளன் மலோனியின் கண்முன்னே, இன்னொரு சாரதியிடமிருந்து பறிக்கப்படும் நல்ல பாதையொன்றைத் தனக்கென ஏற்றுக்கொள்கிறான். மலோனி கேட்பது ஒரே கேள்விதான்: யாருக்கு வேண்டும்?

மூலதனம் தனது வேலைநீக்கத்தைத் தன் கையாற் செய்யவில்லை என்பதே இம்மூன்று காட்சிகளினதும் சாராம்சம். கத்தி தொழிலாளியின் கையிலேயே கொடுக்கப்படுகிறது. தொழிலாளர் ஒரு வர்க்கமாக அமைப்புறுவதை அவர்களுக்கிடையேயான போட்டியே திரும்பத் திரும்பக் குலைக்கின்றது என மார்க்சும் எங்கெல்சும் 1848 இலேயே கம்யூனிஸ்ட் அறிக்கையில் சுட்டியிருந்தனர். அன்று அப்போட்டி தொழிற்சாலை வாயிலில், வேலை தேடி வந்தோர் கூட்டத்தில் நிகழ்ந்தது. இன்று அது 'தெரிவு', 'கலந்தாலோசனை', 'சுயதொழில்' என்னும் பெயர்களுடன் வேலைத்தலத்தினுள்ளேயே நிறுவனமயப்படுத்தப்பட்டிருக்கிறது. மூன்று படைப்பாளிகள் ஐந்து ஆண்டுக் காலத்தினுள் இதே காட்சியை வந்தடைந்தமை தற்செயலானதன்று. யதார்த்தம் அவர்களை அங்கு இட்டுச் சென்றிருக்கிறது.

இதற்கொரு முன்னோடியும் உண்டு. டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தில் சைக்கிளைப் பறிகொடுத்த ஏழை, இறுதியில் இன்னொருவரின் சைக்கிளைத் திருட முயல்கிறான். ஆயினும் அப்படத்தில் அவன் உதவி நாடிச் செல்வதற்குத் தொழிலாளர் கூடும் இடமொன்று இருந்தது. அங்கே கூட்டமொன்று நடந்துகொண்டிருந்தது, கூடித் தேட நண்பர்களும் வந்தனர். அவர்களால் சைக்கிளை மீட்க முடியவில்லை என்பது வேறு விடயம். எழுபது ஆண்டுகளின் பின், சான்ட்ராவுக்கோ நொபுயோவுக்கோ ரிக்கிக்கோ சென்று நிற்க அத்தகைய இடமில்லை. அமைப்பு பலவீனமாயிருந்த காலத்திலிருந்து அமைப்பே கண்ணிற்படாத காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

3

'இரு பகல், ஓர் இரவு' என்னை ஆட்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. படம் தொடங்கிச் சிறிது நேரத்தினுள் நான் வாக்குகளை எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒருவன் சம்மதித்ததும் ஆறுதலும், மறுத்ததும் சினமும் எழுந்தன. கால்பந்தாட்டப் பயிற்சித் திடலில் திமூர் என்னும் தொழிலாளி, முதல் வாக்கெடுப்பில் தான் செய்தவற்றை எண்ணி அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சியில் கண் கலங்கியது. இவை ஓர் உளவியற் செய்தி என்ற அளவில் முக்கியமானவையல்ல. முக்கியமானது, சினம் யார்மீது எழுந்தது என்பதே. அது வீட்டைத் திருத்தவும் பிள்ளையின் கல்விக்கும் மின்கட்டணத்துக்கும் அந்த 1,000 யூரோவை நம்பியிருக்கும் தொழிலாளர்மீதே முதலில் எழுகிறது. இந்தத் தெரிவை உருவாக்கிய முதலாளி டுமோன் படத்திற் சில நிமிடங்களே தோன்றுகிறான். பார்வையாளரின் உணர்வையும் மூலதனம் எவ்வழியில் திருப்புகிறது என்பதைப் படம் பார்வையாளரிலேயே நிகழ்த்திக் காட்டுகிறது.

ஆனால் படம் அத்துடன் நின்றுவிடவில்லை. சான்ட்ரா ஒவ்வொரு கதவிலும் ஏறத்தாழ அதே சொற்களையே கூறுகிறாள். அதே நடை, அதே அழைப்புமணி, அதே தயக்கம். திரும்பத் திரும்ப வரும் இவ்வமைப்பை அலுப்பூட்டுவதெனச் சிலர் குறைகூறலாம். அலுப்பூட்டும் அதே தன்மைதான் இங்கு பொருளுடையது. மூன்றாவது, நான்காவது கதவுக்குப் பின்னர், மறுப்பவரின் நியாயமும் நமக்குப் புலப்படத் தொடங்குகிறது. எவரும் கொடியவரல்லர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கிருக்கிறது. ஐந்தாவது கதவளவில் நமது சினம் இடம்பெயரத் தொடங்குகிறது. தனித்தனி ஒழுக்கப் பிரச்சினையாகத் தோன்றியது அமைப்பின் பிரச்சினையாகத் தெரிகிறது. விரிவுரையேதும் இன்றி, பாத்திரமெவரும் கொள்கை பேசாமல், வடிவத்தினாலேயே இது சாதிக்கப்படுகிறது. நோக்கு சூழ்நிலையிலிருந்தும் செயலிலிருந்தும் தானாகவே வெளிப்படவேண்டும், ஆசிரியர் அதனைச் சுட்டிக்காட்டவேண்டியதில்லை என எங்கெல்ஸ் 1885 இல் மின்னா கௌட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்திற் கூறியதற்குச் சமகாலத் திரையிலிருந்து இதனிலும் சிறந்த உதாரணம் காட்டுவது அரிது.

நெறியாளர்களின் கட்டுப்பாடு இதற்குத் துணைநிற்கின்றது. படத்திற் பின்னணி இசை இல்லை. இசை வருவது காரின் வானொலியிலிருந்து மட்டுமே. சோகப் பாடலொன்று வந்ததும் மனைவியின் நிலையை எண்ணிக் கணவன் அதனைக் குறைக்க முயல, அவள் அதனைக் கேட்கவே விரும்புகிறாள். பின்னொரு சமயம், தன் கணவனை விட்டு வெளியேறிவந்த சக தொழிலாளப் பெண் ஆனும் சேர்ந்துகொள்ள, காரினுள் மூவரும் இன்னொரு பாடலை உரத்துப் பாடுகின்றனர். கூட்டுணர்வு என்பது இப்படத்தில் முதன்முதலாக ஓசையாகவே கேட்கிறது.

வாக்கெடுப்பு எட்டுக்கு எட்டு என முடிகிறது. பெரும்பான்மை கிடைக்காமையால் சான்ட்ரா தோற்கிறாள். அப்போது டுமோன் அவளைத் தனியே அழைத்து, தற்காலிக ஒப்பந்தத்தில் உள்ள ஒருவனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதுவிட்டு அவளை மீண்டும் எடுத்துக்கொள்வதாகக் கூறுகிறான். அந்த ஒருவன், தன் ஒப்பந்தம் பறிபோகக்கூடுமென அஞ்சியும் அவளுக்காக வாக்களித்த ஆபிரிக்கத் தொழிலாளி அல்போன்ஸ். சான்ட்ரா மறுத்துவிட்டு வெளியேறுகிறாள். தொலைபேசியிற் கணவனிடம் நன்றாகப் போராடினோம் என்கிறாள்.

இம்முடிவைத் தனிமனித ஒழுக்க வெற்றியெனக் கொண்டு, வர்க்கப் போராட்டத்துக்குப் பதிலாக மனச்சாட்சியை வைக்கும் மனிதாபிமானப் படமென இதனை ஒதுக்குவது இலகு. அவ்வாறு ஒதுக்குவோர் இரண்டு விடயங்களைக் கவனிப்பதில்லை. முதலாவது, எட்டு வாக்குகள். வெள்ளிக்கிழமை சிதறிக் கிடந்த தனியர்களுள் எண்மர் திங்களன்று தமக்குரிய 1,000 யூரோவைத் துறந்து ஒருத்திக்காக நின்றிருக்கின்றனர். இரண்டாவது, சான்ட்ராவின் மறுப்பு. தனக்குச் செய்யப்பட்டதை இன்னொருவருக்குச் செய்ய அவள் இணங்கவில்லை. கையிற் கொடுக்கப்பட்ட கத்தியை அவள் கீழே வைக்கிறாள். வர்க்க உணர்வின் முதற்படி எதிர்மறை வடிவிலேனும் இங்கு தோன்றிவிட்டது. 1970 களில் வலோனியாவின் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்துத் தொடங்கியவர்கள் டார்டென் சகோதரர். 1960-61 குளிர்காலப் பெருவேலைநிறுத்தத்தின் நினைவு அவர்களது பிரதேசத்துக்குரியது. அந்நினைவு அழிந்த தலைமுறையினரிடையே ஒருமைப்பாடு எங்கிருந்து மீண்டும் தொடங்கக்கூடும் என்பதே அவர்களது வினா. கதவொன்றைத் தட்டுவதிலிருந்து என்பது படத்தின் விடை.

4

லோச்சின் படம் உற்பத்தி உறவுகளைப் பற்றிய அறிவில் மற்றைய இரண்டையும் விஞ்சிநிற்கிறது. ரிக்கி 'வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை'. அவன் நிறுவனத்துடன் 'இணைந்துகொள்கிறான்'. வான் அவனுடையது, ஆபத்தும் அவனுடையது, அபராதமும் அவனுடையது. நேரமும் பாதையும் மட்டும் நிறுவனத்தினுடையவை. கையிலுள்ள மின்னணுக் கருவி அவனை இடைவிடாது கண்காணிக்கிறது. சிறுநீர் கழிக்கவும் நேரமின்மையால் சக சாரதி அவனிடம் ஒரு போத்தலைக் கொடுக்கிறான். வான் வாங்குவதற்காக மனைவி ஆபியின் கார் விற்கப்படுகிறது. முதியோரையும் நோயுற்றோரையும் வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் அவள் அதன்பின் பேருந்துத் தரிப்பிடங்களிற் காத்துநிற்கிறாள். அவளுக்கும் கூலி வருகைக்கே உரியது, இடைவழி நேரத்துக்குரியதன்று.

மூலதனத்தின் முதற்பாகத்தில் (1867) துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்தை வாசித்தோர்க்கு இவை புதியனவாகத் தோன்றா. துண்டுக்கூலி முறையில் மேற்பார்வை பெரிதும் தேவையற்றதாகின்றது. வேலைநாளை நீட்டுவது தன் நலனுக்கே என உழைப்பாளி கருதத் தலைப்படுகிறான் என மார்க்ஸ் அங்கு விளக்குகிறார். அவ்வத்தியாயம் பின்னாளில் ஒரு குடும்பத்தின் இராச்சாப்பாட்டு மேசையில் எவ்வாறு காட்சிதரும் என்பதையே லோச்சும் திரைக்கதையாசிரியர் போல் லவேட்டியும் காட்டுகின்றனர். தந்தையின் வான் சாவியை மறைத்துவைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமென நம்பும் சிறுமியின் செயலை இலகுவில் மறக்கமுடியாது. குழந்தையின் தர்க்கம் பிழையானதன்று. வானே குடும்பத்தைத் தின்கிறது என்பதை வீட்டில் முதலிற் கண்டறிந்தவள் அவளே.

அப்படியாயின் இப்படத்தின் முடிவில் எஞ்சுவது ஏன் ஒருவகை மூச்சடைப்பு மட்டுமாக இருக்கிறது? கொள்ளையரால் தாக்கப்பட்டு மருத்துவமனையிற் காத்திருக்கும் ரிக்கியிடம், உடைந்த கருவிக்கு 1,000 பவுண் கட்டவேண்டுமென மலோனி தொலைபேசியிற் கூறுகிறான். மறுநாள் காயங்களுடன் ரிக்கி வேலைக்குப் புறப்பட, குடும்பத்தினர் தடுக்க, வான் ஓடிச்செல்கிறது. அத்துடன் படம் முடிகிறது. மார்கரெட் ஹாக்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு 1888 இல் எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் எழுப்பிய மறுப்பு இங்கு நினைவுக்கு வருவது தவிர்க்கமுடியாதது. அவரது நாவலில் தொழிலாளர் தமக்குத் தாமே உதவ இயலாத செயலற்ற கூட்டமாக வருகின்றனர். அவர்களைச் சூழவுள்ள நிலைமைகள் போதியளவு வகைமாதிரியானவையல்ல என்பது எங்கெல்சின் கருத்து. அடுத்த ஆண்டே, 1889 இல், இலண்டன் கிழக்குப் பகுதியின் துறைமுகத் தொழிலாளர் வரலாற்றுப் புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தை நடத்தினர். லோச்சின் படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகளினுள், 2021 பெப்ரவரியில், ஊபர் சாரதிகள் சுயதொழில் ஒப்பந்தக்காரர் அல்லர், தொழிலாளருக்குரிய உரிமைகள் உடையோர் எனப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாரதிகளும் அவர்களது சங்கமும் பல்லாண்டுகள் நடத்திய வழக்கின் விளைவு அது. ரிக்கியின் உலகில் அத்தகையதொரு சங்கத்தின் நிழல்கூட விழவில்லை.

எனினும் லோச்சிடம் வேறொரு நூல் ஓடுகிறது. ஆபி பராமரிக்கும் முதியவளொருத்தி 1984 ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலப் புகைப்படங்களை அவளுக்குக் காட்டுகிறாள். ஆபியின் வேலைநேரத்தைக் கேட்டறிந்ததும், எட்டு மணி நேர வேலைநாளுக்கு என்ன நடந்தது என்று வினவுகிறாள். இரு தலைமுறைகளைச் சேர்ந்த உழைக்கும் பெண்கள் ஒருவர் தலையை மற்றவர் வாரிவிடும் அந்த அறையில் மட்டுமே இப்படத்தில் வரலாறு மூச்சுவிடுகிறது. மருத்துவமனையில் தொலைபேசியைப் பறித்து மலோனியை ஏசித் தீர்ப்பவளும் ஆபியே. பராமரிப்பு உழைப்பைச் செய்யும் பெண்ணையே எதிர்ப்பின் குரலாகவும் கண்டமை லோச்சின் கலை நுண்ணறிவு. அக்குரலைப் பின்தொடர்ந்து செல்லாமை படத்தின் குறைபாடு.

5

'கடைத்திருடர்கள்' வேறொரு வழியிற் செல்கிறது. டோக்கியோவில் அடுக்குமாடிகளிடையே நசுங்கிக் கிடக்கும் பழைய வீடொன்றில், இரத்த உறவற்ற அறுவர் குடும்பமாக வாழ்கின்றனர். கிழவியின் ஓய்வூதியம், ஒசாமுவின் கட்டட நாட்கூலி, நொபுயோவின் சலவைக்கூலி, மீதிக்குக் களவு. வேலைத்தலத்தில் ஒசாமுவின் கால் முறிகிறது. நாட்கூலியாதலால் நட்டஈடில்லை. களவு இங்கு குற்றவியல் பிரச்சினையாக வரவில்லை. கூலி நின்றுவிடும் எல்லையிலிருந்து களவு தொடங்குகிறது.

கோரே-எடா அன்பைச் சித்திரிப்பதில் வல்லவர். கோடைகால வாணவேடிக்கையை இவ்வறுவரும் தம் வீட்டு முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்க்கின்றனர். வாணங்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஓசை மட்டும் கேட்கிறது. நகரத்தின் மகிழ்ச்சியில் அவர்களுக்குரிய பங்கு அவ்வளவே. ஆயினும் அக்காட்சியில் நாம் உணர்வது இரக்கத்தையல்ல, நிறைவையே. இந்நிறைவு நம்மை எச்சரிக்கைப்படுத்தவேண்டும். வறுமையை வெதுவெதுப்பானதாக்கிக் காட்டுவது நடுத்தர வர்க்கப் பார்வையாளருக்கு மிக உகந்த ஏற்பாடு.

படத்தின் இறுதிப் பகுதி இவ்வையத்தைப் பெருமளவு போக்கிவிடுகிறது. அரசு தலையிடுகிறது. அதன் அலுவலர் நாகரிகமானவர்கள், மென்மையாகப் பேசுபவர்கள். பெற்றவளே தாய் என்பது அவர்களது நிலைப்பாடு. பிள்ளைகள் உன்னை எவ்வாறு அழைத்தனர் என நொபுயோவிடம் கேட்கப்படுகிறது. கமரா அவளது முகத்தை நேரே நோக்கி அசையாது நிற்க, அவள் உள்ளங்கையால் கண்ணீரை மீண்டும் மீண்டும் துடைக்கிறாள். இக்கேள்விக்கு அவளிடம் விடையில்லை. சட்டம் அறிந்த உறவுச்சொற்களில் அவர்களது உறவுக்குரிய சொல் இல்லை. குடும்பத்தைப் புனிதமெனப் போற்றும் அதே சமூகம், வறியோர் தாமாக அமைத்துக்கொண்ட குடும்பத்தைக் குலைத்து, சித்திரவதைக்குள்ளான சிறுமியை அவளைத் துன்புறுத்திய வீட்டுக்கே திருப்பியனுப்புகிறது. குடும்பம் என்னும் கருத்துநிலைக்கும் சொத்துடைமைக்கும் சட்டத்துக்குமுள்ள உறவு இங்கு ஒரு முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

6

'தீபன்' பற்றி இவ்விடத்திற் சில வார்த்தைகள். ஜாக் ஓடியாரின் இப்படம் 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றபோது நம்மவரிடையே எழுந்த பெருமிதம் இயல்பானதே. எழுத்தாளர் ஷோபாசக்தி எனப்படும் அன்ரனிதாசன் யேசுதாசன் அதன் பிரதான பாத்திரத்தை ஏற்றிருந்தார்; நமது மொழி உலகத் திரையில் ஒலித்தது. இறந்தோரின் கடவுச்சீட்டுகளில், ஒருவரையொருவர் அறியாத மூவர் குடும்பமெனச் சொல்லிக்கொண்டு பிரான்சை அடைகின்றனர். கோரே-எடாவின் குடும்பத்தைப் போல இதுவும் தேவையினாற் கட்டப்பட்ட குடும்பம். ஆபியைப் போல யாழினியும் முதியவரொருவரைப் பராமரித்துக் கூலி பெறுகிறாள். இரவின் இருளிலிருந்து மினுங்கும் விளையாட்டுப் பொருட்களுடன் தீபன் வெளிப்படும் காட்சி, ஐரோப்பிய நகரங்களின் அடித்தள உழைப்பு எவருடையது என்பதை ஒரே படிமத்திற் கூறிவிடுகிறது.

இத்துணை வளமான தொடக்கம் எங்கு சென்று முடிகிறது? புறநகர்க் குடியிருப்பின் வன்முறைக் கும்பல்களை முன்னாட் போராளி தனியொருவனாக வெட்டியும் சுட்டும் வென்று, இங்கிலாந்தின் வெயிலொளி நிறைந்த தோட்டமொன்றை அடைகிறான். வேலை, வீடு, மொழி, நிறவாதம் ஆகியவற்றாற் பின்னப்பட்ட முரண்பாடு துப்பாக்கியின் முன் கரைந்துபோகிறது. அக்குடியிருப்பில் வாழும் ஏனைய வறியோர் வெறும் அச்சுறுத்தலாக மட்டுமே காட்டப்படுகின்றனர். தீபன் அவர்களுள் எவரது கதவையும் சக மனிதனாகத் தட்டுவதில்லை. சான்ட்ரா கீழே வைத்த கத்தியை ஓடியாரின் நாயகன் கையிலெடுக்கிறான். படம் அதனை விடுதலையெனக் கொண்டாடுகிறது. நம்மவர் நடித்தார் என்பதற்காக இவ்வேறுபாட்டை நாம் காணாதிருக்கலாகாது. அந்நடிகரின் முகம் வெளிப்படுத்திய உண்மையைத் திரைக்கதை கைவிட்டது என்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய நியாயமான மதிப்பீடு.

7

இப்படங்களைச் 'சுயாதீனமானவை' என்கிறோம். எதிலிருந்து சுயாதீனம்? டார்டென் சகோதரர் தமக்கெனத் தயாரிப்பு நிறுவனம் வைத்திருப்போர். எனினும் சான்ட்ராவாக நடித்த மரியன் கொட்டியார் ஹொலிவூட்டின் ஒஸ்கார் விருது பெற்றவர். லோச்சின் படத்துக்குப் பிரித்தானியப் பொது ஒலிபரப்பின் திரைப்படப் பிரிவு பணமிட்டது. கோரே-எடாவின் படத்துக்குப் பின்னால் யப்பானின் பெரிய தொலைக்காட்சி நிறுவனமொன்று இருந்தது. 2015 இல் 'தீபன்', 2016 இல் லோச்சின் 'ஐ, டானியல் பிளேக்', 2018 இல் 'கடைத்திருடர்கள்', 2019 இல் தென்கொரியாவின் 'பாரசைட்' என, வறியோர் வாழ்வைக் கூறும் படங்கள் ஐந்து ஆண்டுகளில் நான்கு தடவை கான் விழாவின் அதியுயர் விருதைப் பெற்றன. கடற்கரையோர ஆடம்பர விடுதிகளிடையே நடைபெறும் அவ்விழாவில் வறுமைக்குக் கிடைக்கும் கைதட்டல் நம்மைச் சிந்திக்கவைக்கவேண்டும். எதிர்ப்பையும் பண்டமாக்கி விற்கும் ஆற்றல் மூலதனத்துக்குண்டு. ஆனால், பண்டமாக்கப்பட்டது என்பதாலேயே படைப்பின் உண்மை பொய்யாகிவிடுவதில்லை. பார்ப்போர் எவர், பார்த்தபின் அவ்வுணர்வை எதனுடன் இணைக்கின்றனர் என்பவற்றைப் பொறுத்தே அவ்வுண்மையின் சமூகப் பயன் தீர்மானிக்கப்படுகிறது.

திறனாய்வின் பணி இவ்விடத்திலேயே தொடங்குகிறது. இப்படங்கள் எழுப்பும் கண்ணீரை நடுத்தர வர்க்கத்தின் மலிவான இரக்கமெனத் தள்ளிவிடுவது திறனாய்வாகாது. அக்கண்ணீரே போதுமானதென அமைவதும் திறனாய்வாகாது. எவ்விடத்தில் உணர்ச்சி அறிவாக மாறுகிறது, எவ்விடத்தில் அது அறிவை மூடிவிடுகிறது எனப் பிரித்துக்காட்டுவதே வேண்டப்படுவது. அவ்வளவுகோலின்படி, லோச்சின் படம் பொறியமைப்பை முழுமையாக விளக்கிவிட்டு மனிதரை அதனுள் அடைத்துவிடுகிறது. கோரே-எடாவின் படம் மாற்று வாழ்வொன்றின் சாத்தியத்தைக் காட்டி, அது சட்டத்தாற் குலைக்கப்படும் விதத்தையும் காட்டுகிறது. எதிர்ப்பின் திசையை அது காட்டவில்லை. டார்டென் சகோதரரின் படம் மிகச் சிறிய ஓரிடத்தையே எடுத்துக்கொண்டது. பதினாறு பேர், இரண்டு நாட்கள், ஒரு வாக்கெடுப்பு. ஆயினும் தோல்வியின் நடுவே எட்டு வாக்குகளை அது எண்ணிக் காட்டுகிறது. மூன்றினுள்ளும் அதுவே கூடிய யதார்த்தம் வாய்ந்தது என்பேன். இருப்பதை மட்டுமன்றி, இருப்பதனுள் உருவாகிக்கொண்டிருப்பதையும் கண்டு சொல்வதே யதார்த்தவாதத்தின் இலக்கணமாதலால், ஒன்பதாவது வாக்கை எங்கே தேடுவது என்னும் வினாவுடன் நம்மை வெளியே அனுப்பும் படத்துக்கே அப்பெயர் முழுமையாகப் பொருந்தும்.